சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 19

இத்தாவின் கடைசி நாள் காலையில், இறந்துபோன என் கணவர் ஒரு கதைக்குள் நடந்து வந்தார்.

அவர் போய் நான்கு மாதம் பத்து நாள். கணவனை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் இத்தா, பிறைக் கணக்குப்படி அன்று மாலைத் தொழுகையான மக்ரிபோடு முடிகிறது. முகமது பாரூக் என்றால் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தன் தோல் மண்டியில், உப்புத் தடவி அடுக்கிய தோல்களுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நான் வெள்ளைச் சேலையில், வீட்டின் உள்ளறையில். கூட இருந்தது என் செல்போன்.

அந்தப் போனில் நான் என்ன செய்தேன் என்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கதை ஆப்பில் வரும் காதல் தொடர்களைப் படித்துவிட்டு, மனதில் பட்டதை 'கல்லுப்பு' என்ற பெயரில் எழுதுவேன். எட்டு வருடப் பழக்கம். பெயர் வைத்தவரே அவர்தான். "நீ எழுதுறது புண்ணுல கல்லுப்பு வச்ச மாதிரி இருக்குடி," என்றார். வேறு யாருக்கும் அது நான் என்று தெரியாது.

போன வாரம் எனக்குத் தெரிய வந்தது இன்னொன்று. 'கண்ணாடியில் தெரியாதவன்' என்ற தொடரை 'தூவானம்' என்று ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். இத்தாவில் இருக்கும் மனைவியைத் தேடிச் செத்துப்போன கணவன் ஜின்னாக வரும் கதை. அந்தத் தூவானம் என் கொழுந்தன் இஷாக்கின் மனைவி பாஸிலா. சார்ஜ் போட என் அறையில் வைத்த அவள் போன் காட்டிக் கொடுத்துவிட்டது.

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்துத்தான் அந்த விதவையை எழுதுகிறாள் என்பதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. கண்ணெதிரே இருப்பதைத்தானே எழுத முடியும்.

நாற்பத்தோராம் பகுதி வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

'அவன் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கினான். இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு நகமாகத் தேய்த்தான். கையிலிருந்த தோல் வாடை போன பிறகுதான் அவள் தலைமுடியைத் தொட்டான்.'

திரும்பப் படித்தேன்.

கல்யாணமான முதல் வாரம் அவர் கையில் வந்த வாடை தாங்காமல் எனக்குத் தலைவலி வந்தது. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மறுநாளிலிருந்து மண்டியை விட்டுக் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். எங்கள் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருக்கும் குளியலறையில் நின்று தேய்ப்பார். பதினான்கு வருடம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கென்று அவரிடம் இருந்தவை இந்த மாதிரி சில பழக்கங்கள்தான்.

கதவைச் சாத்திய பிறகு நடப்பது கதவுக்கு உள்ளே இருப்பவளுக்குத்தான் தெரியும்.

பாஸிலா இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் சித்தையன்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போய் நான் தங்கிய நாட்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தபோது இருபது நாள். அப்போது அவருக்கு இங்கே சோறு போட்டது யார்?

இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமி வந்தார். என் மாமியார் சர்புன்னிசா எந்த அறைக்குள்ளும் தட்டிவிட்டு நுழைந்தவர் இல்லை.

"மக்ரிபுக்குள்ள பீரோவைக் காலி பண்ணிரணும் ரிபா. அவன் சட்டையெல்லாம் நாலு ஏழைபாழைக்குப் போய்ச் சேரட்டும். சாயங்காலம் ஒன் அண்ணன் வந்து நிப்பான்."

என் அண்ணன் அக்மல் புதுச் சேலையோடு வந்து, இத்தா முடிந்த கையோடு என்னைச் சித்தையன்கோட்டைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. திரும்பி வருவேனா என்று யாரும் கேட்கவில்லை.

பாஸிலாவும் உதவிக்கு வந்தாள். மாமி சட்டைகளை எடுத்துக் கொடுக்க, அவள் மடித்து அடுக்கினாள். அவள் விரல்கள் அந்தச் சட்டைகளின் காலரைத் தடவும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்தட்டில் ஒரு துவைக்காத சட்டை இருந்தது. இறப்பதற்கு முதல் நாள் வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனது. அலச மனமில்லாமல் நான்தான் உள்ளே தள்ளி வைத்திருந்தேன். மாமி அதை உதறினார். பையிலிருந்து ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

காய்ந்து, கறுத்து, கல் மாதிரி ஆகியிருந்த எலுமிச்சம்பழம். பழக்கத்தில் பையில் போட்டுக்கொண்டது; அன்று மண்டிக்குப் போகாததால் அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

மாமி அதைக் கையில் எடுக்கவே பயந்தார். முந்தானையால் பிடித்துத் தூக்கினார்.

"எம் புள்ள பையில எலுமிச்சம்பழம் எப்படிடி வந்துச்சு?"

ஒரு வார்த்தை போதும். அவர்தான் வைத்துக்கொள்வார் மாமி, எனக்காக. அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் பாஸிலாவைப் பார்த்தேன். அவள் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

நான் யாரைப் பார்த்தேன் என்பதை மாமி பார்த்துவிட்டார்.

பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, பாஸிலா வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் நெஞ்சுவலி வருமா என்று தமக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாம். யாரோ சூனியம் வைத்திருக்கிறார்களாம். சின்ன மருமகள் தினமும் மத்தியானம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, வாயை மறைத்துக்கொண்டு, என்னவோ முணுமுணுக்கிறாளாம். ஓதுவது மாதிரியும் இல்லையாம், பேசுவது மாதிரியும் இல்லையாம்.

அந்த முணுமுணுப்பு என்னவென்று எனக்குத் தெரியும். பாஸிலா போனில் வாயால் சொல்லித்தான் கதை எழுதுகிறாள். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமும் இல்லை, நேரமும் இல்லை. துணி அலசிக்கொண்டே, ஜின் பேசுவதையும் மனைவி அழுவதையும் அந்தப் போனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதையும் நான் மாமியிடம் சொல்லவில்லை.

"சாயங்காலம் துஆ ஓத ஆலிமா வருவாக. அவுககிட்டக் காட்டுறேன். யாரு என்னன்னு தெரிஞ்சு போயிரும்," என்று சொல்லிவிட்டு மாமி எழுந்து போனார்.

மத்தியானம் பாஸிலா சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிடக் கையைக் கழுவவில்லை.

"ஒன் பெரிய மச்சான் கையில என்ன வாசம் வரும், பாஸிலா?"

அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு சாய்ந்தது. தரையெல்லாம் தண்ணீர்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியும்னு நெனச்சேன்."

அவள் குனிந்து தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "நான் ஒரு காரியம் பண்ணிட்டேங்க்கா. ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா இன்னைக்கு வேணாம். இத்தா முடியட்டும்."

என்ன காரியம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அவளும் நிற்கவில்லை. வெளிவாசலில் இஷாக்கின் இருமல் கேட்டது. இத்தாவில் இருக்கும் அண்ணன் மனைவி கண்ணில் படக்கூடாதென்று, நான்கு மாதமாக இருமிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார். அவள் ஓடினாள்.

சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். திருப்பி அடிக்க வேறு வழி இல்லாதவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. நாற்பத்தோராம் பகுதிக்குக் கல்லுப்பின் கருத்து இன்னும் வரவில்லை என்று வாசகிகள் காத்திருந்தார்கள். எழுத ஆரம்பித்தேன்.

'தூவானத்துக்கு. உங்கள் ஜின் ரொம்பப் பேசுகிறான். உயிரோடு இருக்கும் கணவர்களே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வெள்ளைச் சேலையில் அவள் தேவதை மாதிரி இருந்தாள் என்கிறீர்கள். நான்கு மாதம் உடுத்திய வெள்ளைச் சேலையின் ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும், மடியில் கசங்கல் இருக்கும். பேய்க் கதையில் பேய் பொய்யாக இருக்கலாம். மனைவி பொய்யாக இருக்கக்கூடாது. இன்னொன்று, இத்தாவை நீங்கள் ஆங்கில மாதத்தில் எண்ணியிருக்கிறீர்கள். பிறைக் கணக்கில் நான்கு நாள் முன்பே முடிந்துவிடும். ஒரு நாள்கூட அதிகமாக எந்தப் பெண்ணும் உட்கார மாட்டாள், என்னை நம்புங்கள்.'

அடுத்தது எலுமிச்சம்பழம். அதைப் பற்றி என்ன எழுதுவது? யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடலாமா?

எழுதியதை அப்படியே நிறுத்திவிட்டு, மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கீழே தள்ளிப் பார்த்தேன். முந்நூறு கருத்துகள். அழுகிற முகங்கள், இதயங்கள். நடுவில் ஒரு வாசகி, பல வருடமாக நான் எழுதுவதற்கெல்லாம் பதில் போடுகிறவள், இப்படி எழுதியிருந்தாள்:

'இந்த எலுமிச்சம்பழம் கல்லுப்பு அக்கா தோட்டத்துப் பழமாச்சே. அஞ்சு வருசம் முன்னாடி அவங்க சொன்னதுதானே? மாட்டிக்கிட்டீங்க தூவானம்.'

அதற்குக் கீழே தூவானத்தின் பதில்: 'ஆமா. கேக்காம எடுத்துட்டேன். அக்கா என்ன சொல்லப் போறாங்களோன்னு பயமா இருக்கு.'

என் பழைய கருத்துகளைத் தேடிப் பின்னால் போனேன். ஐந்து வருடத்தைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் கிடைத்தது. ஐந்து கார் வைத்திருக்கும் ஒரு தோல் ஏற்றுமதி முதலாளியை நாயகனாக வைத்து யாரோ எழுதிய தொடர். அவன் நாயகியை முதலில் அறைவான், பிறகு வைரம் வாங்கிக் கொடுப்பான். அதற்கு நான் எழுதியிருந்தேன்:

'அறைகிறவனை நாயகன் என்று சொல்லாதீர்கள். தோல் வியாபாரி வீட்டுக்கு வந்தால் செண்ட் வாசம் வராது, தோல் வாடைதான் வரும். மனைவிமேல் பிரியம் உள்ளவன் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பான். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் வருவான். வைரம் தேவையில்லை. அப்படி ஒருவனை எழுதுங்கள், நான் ஐந்து நட்சத்திரம் போடுகிறேன்.'

எழுதியது நான்தான். அன்றைக்கு அவரிடம் படித்துக் காட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாய்ந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ஊருக்கே சொல்லிட்டியா?" என்றார். கோபமில்லை. மறுநாளும் பழம் பையில் இருந்தது.

நாற்பத்தோராம் பகுதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல். காலையில் ஆத்திரத்தில் அது கண்ணில் படவே இல்லை. அவர் வலது கைப் பெருவிரலில்தான் தொடங்குவார். ஒரு நாளும் மாறியதில்லை. எந்த விரல் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதாததைப் பாஸிலா தானாகக் கற்பனை செய்திருக்கிறாள். தப்பாகச் செய்திருக்கிறாள்.

கதவுக்கு உள்ளே அவள் ஒரு நாளும் நின்றதில்லை.

வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழுதேன். சிரித்தேனோ என்னவோ. காலையிலிருந்து அந்த மனுஷனை என்னென்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

எழுதி வைத்திருந்ததோடு, 'பழத்துக்கு ஐந்து நட்சத்திரம். பாக்கி வைக்க மாட்டேன்' என்று சேர்த்துப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடத்தில் தூவானத்திடமிருந்து தனிச் செய்தி வந்தது. எழுதுகிறவர்களின் தனிச் செய்திக்கு நான் பதில் போடுவதில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

'ரொம்ப நன்றிக்கா. எங்க வீட்லயும் ஒருத்தங்க இத்தாவுல இருக்காங்க. அவங்களப் பாத்துப் பாத்துத்தான் இந்தக் கதைய ஆரம்பிச்சேன். நெசத்துல அவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல. இன்னைக்கு அவங்க என்னை ஒரு மாதிரியாப் பாக்குறாங்க, கதை தெரிஞ்சிருச்சு போல. நாளு கணக்கு தப்பில்லக்கா, தெரிஞ்சேதான் விட்டேன். அந்த மனுசனுக்குப் பொண்டாட்டி கூட இன்னும் நாலு நாள் கெடைக்கட்டுமேன்னு.'

பதிலுக்கு ஒரே ஒரு வரி எழுதினேன்.

'விரலை மட்டும் மாற்றிவிடுங்கள். வலது கைப் பெருவிரலில் தொடங்குவார்.'

அனுப்பிய அடுத்த நொடி அடுப்படியிலிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தது. வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. திரும்பத் தொடங்கவே இல்லை.

மக்ரிப் பாங்கு கேட்டதும் மாமி என்னைக் குளிக்கச் சொன்னார். அண்ணன் கொண்டுவந்திருந்த சேலை சின்னாளப்பட்டிச் சுங்குடி, இளம்பச்சை. நான்கு மாதத்துக்குப் பிறகு உடம்பில் நிறம் பட்டதும் கூசியது. அண்ணன் வெளியே காரில் உட்கார்ந்திருந்தான்.

மக்ரிப் தொழுகை முடிந்து கூடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். மார்க்கக் கல்வி படித்த ஆலிமா துஆ ஓதினார். பாஸிலா அடுப்படி நிலையோரம் நின்றாள். போன் அவள் கையிலேயே இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

துஆ முடிந்ததும் மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"ஆலிமா, இது எம் மகன் சட்டைப் பையில கெடந்துச்சு. வெளியாளு யாரும் அந்த ரூமுக்குள்ள வாரதில்ல. வீட்டுக்குள்ள இருக்கவுகதான் யாரோ." சொல்லிவிட்டு நிலைப்பக்கம் திரும்பினார். எல்லாத் தலைகளும் திரும்பின.

பாஸிலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் அத்தனை கண்களையும் திருப்பிவிட்டது காலையில் நான் பார்த்த ஒரு பார்வை.

நான் எழுந்து போய் மாமியின் கையிலிருந்து பழத்தை எடுத்துக்கொண்டேன்.

"குடுங்க மாமி. இது என்னோடது."

சொல்லிப் புரிய வைக்க முடியும் என்று தோன்றவில்லை. அதனால் செய்து காட்டினேன். காய்ந்த பழத்தை இடது கையில் பிடித்து, வலது கைப் பெருவிரல் நகத்தில் தேய்த்தேன். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல். சாறு ஏது? தூசியாகக் கொஞ்சம் உதிர்ந்தது. ஆனால் வாசம் இருந்தது. எங்கேயோ அடியில், மெலிதாக.

"மண்டியில இருந்து வந்தா இப்படித்தான் தேய்ப்பாக. எனக்குத் தோல் வாடை ஆகாதுன்னு. பதினாலு வருசமா. காலையிலயே ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும் மாமி. சொல்லாதது என் தப்பு."

மாமி என் விரல்களைப் பார்த்தார். தன் மகனைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இருந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிய நேரமானது. ஆலிமா தலையைக் குனிந்துகொண்டார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நான் நிலைப்பக்கம் பார்த்தேன். பாஸிலா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பெருவிரலைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி பெருவிரலை. அவள் உதடு ஒரு வார்த்தைக்குக் குவிந்தது. சத்தம் வரவில்லை. கல்லுப்பு என்றுதான் சொன்னாள். எனக்குத் தெரிந்தது.

வெளியே அண்ணன் ஹாரன் அடித்தான்.

மாமி சுதாரித்துக்கொண்டார். அவ்வளவு எளிதில் விடுகிறவர் இல்லை. "பழம் சரி. நான் தப்பா நெனச்சுட்டேன். அப்ப தெனம் கொல்லையில நின்னு இவ யாருகிட்டடி பேசுறா?"

பாஸிலா என்னைப் பார்த்தாள். இப்போது முகத்தைத்தான் பார்த்தாள். அவள் சொல்லலாம். நான் சொல்லலாம். இருவரும் சொல்லவில்லை. வாசலில் இஷாக்கின் இருமல். இனிமேல் இரும வேண்டியதில்லை என்று நான்கு மாதப் பழக்கத்தில் அவருக்கு மறந்துபோயிருக்கும்.

நான் பாயில் உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினேன். பாஸிலா வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"மாமி," என்றேன். "அண்ணனப் போகச் சொல்லுங்க. நாலு நாள் கழிச்சு வந்தாப் போதும்."